மாவுக்கட்டைச் சுற்றி ஓடிய குதிரைகள்

வீட்டில் உட்கார்ந்தபடி குதிரைக்குக் காசு கட்டுகிறவர்களைக் கண்டாலே எனக்கு அப்போதெல்லாம் ஆகாது. எண்பதுகளின் கடைசியில் அம்பத்தூரில் எங்கள் தெருமுனை மரக்கடையில் ஒரு டெலிபோன் இருந்தது. ரேஸ் சீசன் வந்துவிட்டால் சனிக்கிழமை மத்தியானத்திலிருந்து கடைக்காரர் அதைக் காதிலிருந்து எடுக்கவே மாட்டார். கிண்டி ரேஸ் மைதானத்திலிருந்து யாரோ சொல்லச் சொல்ல, இவர் இங்கே வாங்கிச் சொல்வார். சட்டப்படி கூடாத வேலை. தெருவுக்கே தெரியும், யாரும் பேசமாட்டார்கள். லுங்கியோடு ஒருவர் வருவார், ஒரு நம்பரைச் சொல்வார், காசைக் கொடுப்பார், வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவார். தான் காசு வைத்த குதிரை கறுப்பா சிவப்பா என்றுகூட அவருக்குத் தெரியாது. அதில் என்ன சுகம் கண்டார்களோ என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

என் கூட்டாளி இந்த விஷயத்தில் என்னைவிட ஒரு படி மேல். "நம்பருக்குக் காசு வைக்கறதுன்னா லாட்டரி சீட்டு வாங்கினு போவலாமே. குதிரை இன்னாத்துக்கு?" என்பான், மரக்கடைக்காரர் காதில் விழும்படியாகவே.

நாங்கள் இருவரும் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரே பட்டறையில் வேலை பார்த்தோம். அவன் லேத்தில் நிற்பான். நான் செக்கிங். அவனும் மற்றவர்களும் கடைந்து தள்ளும் சாமான்களை அளந்து, தேறியது இது, தேறாதது இது என்று பிரித்துப் போடுவது என் வேலை. அளவுக் கருவியை எடுப்பதற்கு முன்பே கண்ணால் பார்த்துச் சொல்லிவிடுவேன். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். "உனக்குக் கண்ணு இல்ல மாமே, மிஷினு" என்று அவனே சொல்லியிருக்கிறான். அந்தக் கர்வம் எனக்கு நிறைய உண்டு. பின்னால் நடந்ததற்கெல்லாம் அதுதான் காரணம் என்பதால் முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன்.

சனிக்கிழமை அரை நாள் வேலை. விட்டதும் மின்சார ரயிலில் சென்ட்ரல், ரோட்டைக் கடந்து பார்க் ஸ்டேஷன், மறுபடி ஒரு ரயில், கிண்டி. டிபன் பாக்ஸைப் போகிற வழியிலேயே காலி செய்துவிடுவோம். உள்ளே போனால் நேராகப் பேடக். ஓடப்போகும் குதிரைகளை ஓட்டத்துக்கு முன்னால் வட்டமாக நடத்திக் காட்டும் இடம் அது. அங்கே நின்று அவன் குதிரையைப் பார்ப்பான், நான் அவனைப் பார்ப்பேன். எது ஆரம்பத்திலேயே முன்னால் பாயும், எது கடைசிவரை பதுங்கிக்கொண்டு வரும், எதற்கு ஈரத் தரை ஆகாது என்று ஒவ்வொன்றின் குணமும் அவனுக்கு மனப்பாடம். பெரிதாக நாங்கள் எதையும் ஜெயித்ததில்லை. சட்டைப் பையில் இருப்பதைத் தோற்றுவிட்டால் ரயில் சீசன் டிக்கெட் மட்டும் மிஞ்சும், பேசாமல் வீடு வந்து சேர்வோம்.

ஒரு சனிக்கிழமை பட்டறையில் நேரமாகிவிட்டது. ரயிலை விட்டுவிட்டு பஸ்ஸுக்கு ஓடினோம். நான் ஏறிவிட்டேன். அவன் தாவினான், கால் படியில் நிற்கவில்லை. தொடை எலும்பு முறிந்து, இடுப்பிலிருந்து கணுக்கால்வரை மாவுக்கட்டு போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். நாலைந்து மாதம் கட்டிலை விட்டு அசையக்கூடாது என்றார்கள். அப்போதுதான் ரேஸ் சீசன் சூடு பிடிக்க ஆரம்பித்திருந்தது.

முதல் சனிக்கிழமை நான் போகாமல் அவன் கட்டிலருகே போய் உட்கார்ந்தேன். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"நீ இங்க இன்னா பண்ற? நானும் பாக்காம நீயும் பாக்காம ரெண்டு பேரும் மொகத்த மொகம் பாத்துகினு இருக்கவா? போ. போய்ட்டு வந்து சொல்லு."

அப்படி ஆரம்பித்த பழக்கம்தான் அது. மறுவாரத்திலிருந்து நான் மட்டும் கிண்டிக்குப் போவேன். ஆறு, ஆறரைக்கெல்லாம் கிளம்பி நேரே அவன் வீட்டுக்கு வந்து, கட்டில் ஓரம் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு ரேஸையும் அவனுக்கு ஓட்டிக் காட்டுவேன். வாயால் சொன்னால் அவனுக்குப் போதாது. அவன் படுத்திருந்த விரிப்பில் நீளநீளமாகக் கோடுகள் இருந்தன. அதுதான் மைதானம். குதிரைகளுக்குத் தீக்குச்சிகள். நாங்கள் காசு வைத்த குதிரைக்கு மட்டும் எரிந்த குச்சி, தலை கறுத்திருக்கும். சுவரோரமாகக் கிளம்பி, அவன் பாதத்தருகே போய், மாவுக்கட்டைச் சுற்றித் திரும்பி, இந்தப் பக்கமாகத் தொடையை ஒட்டித் தலையணைவரை வரவேண்டும். தலையணை உறையின் ஓரத் தையல்தான் வின்னிங் போஸ்ட். குச்சிகளை ஒன்றை ஒன்று முந்தவிட்டு நான் நகர்த்த, அவன் கழுத்தை மட்டும் தூக்கிப் பார்த்துக்கொண்டிருப்பான். திருப்பத்தில் எது உள்பக்கம், எது வெளிப்பக்கம், ஜாக்கி எந்த இடத்தில் சாட்டையை எடுத்தான் என்று கேட்பான். நான் சொல்லியே ஆகவேண்டும். இதற்காகவே மைதானத்தில் நான் முன்னைவிடக் கவனமாகப் பார்க்கப் பழகினேன்.

அவன் மனைவி சமையலறை வாசலில் நின்றபடி பார்ப்பாள். துணி எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை அவளுக்கு. அவள் சம்பளத்தில்தான் அப்போது வீடு ஓடியது. கிறிஸ்தவக் குடும்பம், சூதாட்டம் பிடிக்காது. ஆனாலும் குச்சி ஓடும்போது அவளும் மூச்சைப் பிடித்துக்கொள்வாள். "அண்ணா, நம்பளுது பின்னாடி போவுது போல கீதே" என்பாள். அந்த ஒரு மணி நேரம்தான் அந்த வீட்டில் யாரும் மாவுக்கட்டைப் பற்றிப் பேசமாட்டார்கள்.

அவன் வாரத்துக்கு ஒரே ஒரு டிக்கெட்தான் வாங்குவான், ஜாக்பாட். கடைசி ஐந்து ரேஸ்களிலும் முதலில் வரப்போகும் குதிரைகளை முன்கூட்டியே சொல்லி ஒரே டிக்கெட்டாக வாங்குவது அது. ஐந்தும் வந்தால் பெரிய தொகை. முதல் நாலு மட்டும் வந்தால் ஆறுதலாகக் கொஞ்சம் கொடுப்பார்கள். மற்றபடி ஒன்றுமில்லை. மரக்கடையில் ஜாக்பாட் கட்ட முடியாது, மைதானத்துக்கே போய்க் கவுண்டரில் நின்று வாங்கவேண்டும். ஆகவே ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவன் ரேஸ் புக்கை மார்மேல் வைத்துக்கொண்டு படித்துப் படித்து ஐந்து நம்பர்களை ஒரு சீட்டில் எழுதி என்னிடம் கொடுப்பான். வெள்ளானூரில் ஒரு மனைக்குத் தவணை கட்டிக்கொண்டிருந்தான். கால் உடைந்ததிலிருந்து கட்டவில்லை. இன்னும் இரண்டு மாதம் தவறினால் மனை கைவிட்டுப் போகும் என்று கடிதம் வந்திருந்தது. "அஞ்சும் வந்துட்சுன்னா மனையும் முடிஞ்சுது, மேல செங்கல்லும் எறக்கிடலாம்" என்பான். விளையாட்டாகச் சொல்வது மாதிரிதான் சொல்வான். கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அந்தச் சனிக்கிழமை சீட்டில் முதல் நம்பர் ஏழு. கடைசி நம்பர் இரண்டு.

பேடக்கில் ஏழாம் நம்பரைப் பார்த்ததும் முகம் சுளித்தேன். கழுத்தெல்லாம் வேர்வை. சேணத்துக்கு அடியில் சோப்பு நுரை மாதிரி வழிந்துகொண்டிருந்தது. ஒரு இடத்தில் நிற்காமல் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போனது. ஓடுவதற்கு முன்பே களைத்துப்போன குதிரை என்று என் கண் சொன்னது. அதற்குப் பின்னால் வந்த மூன்றாம் நம்பரோ, காய்ந்த உடம்பு, மினுமினுப்பு, அமைதியான நடை. பட்டறையில் தேறாத சாமானைத் தூக்கிப் போடுகிற அதே கைப்பழக்கத்தில் என் மனம் ஏழைத் தூக்கி ஓரம் வைத்துவிட்டது. படுத்துக்கொண்டு புத்தகத்தைப் படிப்பவனுக்கு என்ன தெரியும்? நேரில் பார்ப்பவன் நான்தானே?

கவுண்டரில் என் முறை வந்தது. "மூணு" என்றேன். மற்ற நாலையும் அவன் எழுதியபடியே சொன்னேன். அந்தக் குதிரைகளை இன்னும் வெளியே கொண்டுவரவில்லை. வந்திருந்தால் அவற்றிலும் கைவைத்திருப்பேனோ என்னவோ.

இரண்டு டிக்கெட் வாங்கியிருக்கலாமே, அவன் சொன்னபடி ஒன்று, என் கண் சொன்னபடி ஒன்று என்று நீங்கள் கேட்கலாம். எனக்கும் தோன்றியது. பையில் காசும் இருந்தது. அந்தக் காசை அடுத்த கவுண்டருக்குக் கொண்டுபோய் மூன்று ஜெயிக்கும் என்று எனக்காகக் கட்டினேன்.

ஏழு ஜெயித்தது. சும்மா இல்லை, பின்னால் வந்த குதிரை எது என்று திரும்பிப் பார்க்கவேண்டிய தூரத்தில் ஜெயித்தது. மூன்று கூட்டத்தோடு கூட்டமாக எங்கோ வந்தது.

அப்போது எனக்குப் பயம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. ஒரு ரேஸ்தானே, இன்னும் நாலு இருக்கிறதே, எப்படியும் ஏதாவது ஒன்று விழத்தான் போகிறது, வழக்கம்போலத் தோற்றுவிட்டது என்று போய்ச் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். இரண்டாவது ரேஸில் அவன் குதிரை கடைசி நூறு கஜத்தில் மேலே வந்து ஜெயித்தது. சரி என்றேன். டீ குடித்தேன். மூன்றாவதும் வந்தது.

அப்போதுதான் மரக்கடை டெலிபோன் ஞாபகம் வந்தது. ஒவ்வொரு ரேஸ் முடிந்ததும் அங்கே நம்பர் போய்விடும். கடைக்கு இரண்டு வீடு தள்ளித்தான் அவன் ஜன்னல். டெலிபோனில் காசு கட்டுகிறவர்களைக் கேலி பேசியவன்தான், ஆனாலும் முடிவு கேட்காமல் இருக்கமாட்டான். மனைவியை அனுப்பிக் கேட்டுவரச் சொல்வான். ஏழு வந்தது தெரிந்திருக்கும். அடுத்ததும் தெரிந்திருக்கும். இப்போது மூன்றாவதும். கட்டிலில் எழுந்து உட்காரமுடியாமல், சொல்ல ஆள் இல்லாமல், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டிருப்பான். அவன் நினைப்பில் உயிரோடு இருக்கும் டிக்கெட் என் சட்டைப் பையில் செத்துக் கிடந்தது.

நாலாவது ரேஸ் ஓடும்போது நான் முதன்முறையாக எங்கள் குதிரை தோற்கவேண்டும் என்று வாய்விட்டுச் சொன்னேன். பக்கத்தில் நின்ற பெரியவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் காசு வைத்த குதிரை அதுதான் போலிருக்கிறது. நாலாவதும் வந்தது.

கடைசி ரேஸுக்கு அரை மணி நேரம் இருந்தது. குழாயடிக்குப் போய் இரண்டு தரம் முகம் கழுவினேன். ஒன்றுக்கு வருவது மாதிரி இருந்தது, போனால் வரவில்லை. பொய்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். பிக்பாக்கெட் அடித்துவிட்டார்கள் என்றால்? சீசன் டிக்கெட் மட்டும் எப்படித் தப்பியது என்பான். கவுண்டர் மூடிவிட்டது, வாங்கவே முடியவில்லை என்றால்? ரயில் எத்தனை மணிக்கு என்று அவனுக்குத் தெரியும். கிளார்க் தப்பாகப் போட்டுவிட்டான் என்றால்? வாங்கின டிக்கெட்டை ஒருமுறை பார்க்காமல் பையில் வைக்கிற ஆளா நான், செக்கிங் வேலை பார்க்கிறவன்? எந்தப் பொய்யும் தேறவில்லை. இரண்டாம் நம்பர் தோற்றாலொழிய எனக்கு வழியில்லை. தோற்றால் முதல் நாலுக்கு உண்டான ஆறுதல் தொகையை என் கைக்காசிலிருந்து கொடுத்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் இருந்துவிடலாம். ஜெயித்தால் எங்கள் தெருவுக்குள்ளேயே நான் கால் வைக்கமுடியாது.

மாங்காட்டம்மனை வேண்டிக்கொண்டேன். இரண்டு வரக்கூடாது தாயே, நடந்தே வந்து உன் சந்நிதியில் விழுகிறேன் என்றேன். அதே நேரத்தில் அம்பத்தூரில் அவன் மனைவி மாதா படத்துக்கு முன்னால் மண்டியிட்டு, இரண்டு வரவேண்டும் என்று ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஒரே குதிரையை இரண்டு பேரும் இரண்டு பக்கம் இழுத்திருக்கிறோம்.

குதிரைகள் கிளம்பின. முதல் பாதியைப் பார்த்தேன் என்றுதான் நினைக்கிறேன். தூரத்தில் மரங்களுக்குப் பின்னால் வண்ணச் சட்டைகள் ஒரே கொத்தாகப் போயின. திருப்பத்துக்கு வந்ததும் என்னால் முடியவில்லை. வேலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக மூடிக்கொண்டேன். கூச்சல் ஏறிக்கொண்டே வந்தது. தரை அதிர்ந்தது. எல்லாரும் நம்பர்களைக் கத்தினார்கள், எனக்கு எல்லாம் "ரெண்டு, ரெண்டு" என்றே கேட்டது. சத்தம் என்னைத் தாண்டிப் போய் அடங்கிய பிறகும் நான் திறக்கவில்லை. பலகையில் நம்பர் ஏறும் சத்தம் கேட்டுத்தான் திறந்தேன்.

எட்டு முதலில். இரண்டு இரண்டாவது.

சுற்றி எல்லாரும் டிக்கெட்டைக் கிழித்துப் போட்டுக்கொண்டிருக்க, நான் ஒருவன் மட்டும் தோற்றுப்போனதற்கு அம்மனுக்குக் கும்பிடு போட்டுக்கொண்டு நின்றேன். பிறகு ஆறுதல் தொகை எவ்வளவு என்று அறிவித்தார்கள். என் ஒரு மாதச் சம்பளத்தில் முக்கால்வாசி. அதுவும் அன்றைக்கு எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. ரயிலில் வரும்போது எதை அடகு வைக்கலாம் என்று நினைத்துக்கொண்டே நன்றாகத் தூங்கிவிட்டேன்.

அவன் வீட்டு வாசலில் செருப்புகள் கிடந்தன. நாலு ரேஸ் வந்த செய்தியில் அக்கம்பக்கத்தார் கூடி, ஐந்தாவது போன செய்தியில் துக்கம் விசாரித்துவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அவன் முகம் நான் பயந்தபடி இல்லை. கண் பளபளவென்று இருந்தது.

"மாமே! நாலு! நாலு வந்துட்சு பாத்தியா? படுத்துகினே நாலு போட்டேன்!"

"ஆறுதல் காசு உண்டுடா," என்றேன். "திங்கக்கிழமை வாங்கிட்டு வந்துடறேன்."

"காசு கெடக்கட்டும். உக்காரு. மொதல்ல கடைசி ரேஸ ஓட்டு."

அவன் மனைவி சூடாக டீ கொண்டுவந்து வைத்துவிட்டு வாசலில் நின்றுகொண்டாள். தீப்பெட்டி ஏற்கெனவே விரிப்பின்மேல் தயாராக இருந்தது. எரிந்த குச்சியைக்கூட அவனே எடுத்து வைத்திருந்தான்.

குச்சிகளை அடுக்கினேன். பாதம்வரை தடங்கலில்லாமல் ஓட்டினேன். மாவுக்கட்டைச் சுற்றுகிற திருப்பம் வந்தது. அதற்கப்புறம் நான் ஒன்றும் பார்த்திருக்கவில்லை. இரண்டாவதாக வந்த குதிரைதானே, முன்னால் போய்க் கடைசியில் விட்டிருக்கும் என்று நானே முடிவு செய்து, எரிந்த குச்சியை முதலில் திருப்பினேன்.

"திருப்பத்துல நம்மளுதுதான் முன்னால. உள்பக்கமா ஒட்டிகிட்டு வந்துது. தலையணை கிட்ட வரும்போது எட்டு வெளிப்பக்கமா வந்து..."

"நில்லு," என்றான்.

நிறுத்தினேன்.

"ரெண்டு முன்னால வந்துச்சா?"

"ஆமா."

"அது பொறந்ததுலேர்ந்து முன்னால ஓடினதில்ல மாமே. அத்த கடைசிலதான் உடுவாங்க." அவன் குரலில் சந்தேகம் இல்லை, குழப்பம்தான் இருந்தது. "மரக்கடைலயும் அப்டிதான் சொன்னாங்க. திருப்பத்துல கடைசில கீதாம், அங்கேர்ந்து ஒவ்வொண்ணா தாண்டிகினு வந்து, மூக்கு நீளத்துல உட்டுச்சாம். இன்னும் ஒரு பாய்ச்சல் இருந்தா நம்மளுதுதானாம். நீ அங்கதான இருந்த?"

"இருந்தேன்."

"பின்ன?"

பட்டறையில் வேறொருவன் இப்படிக் கேட்டிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். என்னைப் பார்த்துக் கேட்க நீ யார் என்றிருப்பேன். அவன் கழுத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். நரம்பு புடைத்திருந்தது. அதைப் பார்த்ததும் பொய் வரவில்லை.

"கண்ண மூடிகிட்டிருந்தேன்," என்றேன்.

"இன்னாத்துக்கு?"

நாலு ரேஸ் வந்துவிட்ட டிக்கெட்டைப் பையில் வைத்திருப்பவன் எவனாவது கடைசி ரேஸில் கண்ணை மூடுவானா? அவன் யோசிப்பது எனக்குத் தெரிந்தது. கழுத்தை மெதுவாகத் தலையணையில் இறக்கினான்.

"டிக்கெட்ட காட்டு."

எடுத்துக் கொடுத்தேன். வாங்கி டியூப்லைட் வெளிச்சத்துக்கு நேராக வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தான். இருப்பதே ஐந்து நம்பர்கள்.

"மூணா?"

"ஏழு பேடக்ல அப்படி வேர்த்துப்போயிருந்துச்சுடா. நுரை தள்ளி, நிக்கவே இல்ல. நான் பார்த்தேன். அதான்..."

"அது எப்பவும் வேர்க்கும். வேர்த்துச்சுன்னா அன்னிக்கி ஓடும். ரெண்டு வருசமா உன் பக்கத்துல நின்னுகினு சொல்லிகினு இருந்தேனே."

சொல்லியிருப்பான். நான் கேட்டுக்கொண்டிருக்கவில்லை.

மன்னிச்சுக்கடா என்றேன், ஆறுதல் தொகையை நானே தருகிறேன், முழுசாகத் தருகிறேன் என்றேன். ஏதேதோ உளறினேன். அவன் கையை அசைத்தான்.

"டிக்கெட்ட மாத்தின, சரி. உன் கண்ணுக்கு அப்டி தெரிஞ்சுது, மாத்திட்ட. அதுக்கு நான் இன்னா சொல்ல முடியும், உன்ன பாக்கத்தான அனுப்ச்சேன்." டிக்கெட்டை விரிப்பின்மேல் வைத்தான். "நான் இங்க படுத்துகினு, ரெண்டு வா, ரெண்டு வான்னு தொண்ட கிழிய கத்தினேன். அங்க என் மச்சான் வேலியாண்ட நின்னுகினு எனக்கும் சேத்து கத்தினு இருப்பான்னு நெனச்சேன். நீ வராதன்னு வேண்டிகினு நின்னுருக்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதேன், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அவன் அழவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பவேண்டும்போல் இருந்திருக்கும், மாவுக்கட்டு விடவில்லை. அதனால் கண்ணை மட்டும் மூடிக்கொண்டான்.

நான் கிளம்பியபோது அவன் மனைவிதான் வாசல்வரை வந்தாள். அவள் முகத்தில் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை.

"அண்ணா, தரேன்னு சொன்னீங்களே, அத்த மட்டும் குடுத்துடுங்க. அவரு வேணாம்னு சொல்லுவாரு. எங்கிட்ட குடுங்க," என்றாள்.

திங்கட்கிழமை அவள் வேலை விட்டு வரும் வழியில் நின்று கொடுத்தேன். என் மனைவியின் கம்மலுக்கு அந்த மதிப்பு இருந்தது. வெள்ளானூர் தவணையில் இரண்டு மாதம் அதில் கட்டினார்கள். மனை கடைசியில் கைக்கு வந்ததா என்றால், வந்தது, ஆனால் அதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை. அவள் ஓவர்டைம் பார்த்து முடித்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை சீட்டு வரவில்லை. ஆனாலும் சனிக்கிழமை கிண்டிக்குப் போனேன். ஒரு பைசா கட்டவில்லை. வேலியோரம் முதல் ஆளாக நின்று ஏழு ரேஸையும் பார்த்தேன். திருப்பத்தில் எது உள்பக்கம், எது வெளிப்பக்கம், யார் எங்கே சாட்டையை எடுத்தான், எல்லாம். தூசியில் கண் எரிந்து நீர் வழிந்தது, இமைக்கவில்லை. மறந்துவிடக் கூடாதென்று ரயிலில் வரும்போது வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தேன். புதுத் தீப்பெட்டி ஒன்று வாங்கிக்கொண்டேன்.

அவன் படுத்திருந்தான். விரிப்பு அன்றைக்கு வெள்ளையாக இருந்தது. கோடு போட்டதைத் துவைக்கப் போட்டிருந்தார்களோ என்னவோ, நான் கேட்கவில்லை. தலைமாட்டில் ஒரு துண்டுச் சீட்டு கிடந்தது. மரக்கடைக்காரர் கையெழுத்து. அவனும் நம்பருக்குக் காசு கட்ட ஆரம்பித்துவிட்டான்.

"வா மாமே," என்றான். நல்லபடியாகத்தான் சொன்னான். வேலையைப் பற்றி விசாரித்தான், போர்மேன் எப்படி இருக்கிறான் என்றான். டீ வந்தது. நான் தீப்பெட்டியை எடுத்து ஸ்டூலின்மேல் வைத்தேன்.

"மொத ரேஸ்லேர்ந்து ஓட்டட்டுமா?"

"நம்பர் வந்துட்சு," என்றான்.

"அது இல்லடா. எப்படி ஓடிச்சுன்னு..."

"வேணாம் மாமே. நம்பர் போதும்."

தை கழிந்து மாசியில் மாவுக்கட்டைப் பிரித்தார்கள். கால் கொஞ்சம் குட்டையாகிவிட்டது, மற்றபடி நன்றாகவே நடந்தான். லேத்துக்குத் திரும்பி வந்தான். அவன் கடைந்ததை நான் அளந்தேன், இருவரும் ஒரே மேஜையில் சாப்பிட்டோம், என் மகள் கல்யாணத்துக்கு அவன்தான் பந்தியைப் பார்த்துக்கொண்டான். எங்களுக்குள் ஏதோ நடந்தது என்று யாராலும் சொல்லமுடியாது. சனிக்கிழமை மணியடித்தால் அவன் மரக்கடைப் பக்கம் போவான், நான் வீட்டுக்குப் போவேன். தொண்ணூறுகளின் நடுவில் பட்டறை மூடும்வரை அப்படித்தான் இருந்தோம்.

அந்த நாலு ரேஸ்களும் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கின்றன. கோடு போட்ட ஒரு துணியும் தீப்பெட்டியும் கொடுத்தால் இப்போதே ஓட்டிக் காட்டுவேன். ஏழு எப்படி வேர்வை சொட்டச் சொட்டப் பறந்தது என்றுகூடக் காட்டுவேன். கடைசி ரேஸை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். அவனிடம் கேளுங்கள். கட்டிலில் படுத்தபடி அதைப் பார்த்தவன் அவன்தான்.